எருமைக்கு ஒதுக்கிய இடம்

சாலமோன் தம் மனைவியைக் காரிலிருந்து கைகொடுத்து இறக்கிவிட்டதே கிடையாது. அவர் இறங்குவதற்கான இடத்தைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். பல ஆண்டுகளாக அதுவே அவருடைய காலை வழக்கம். பெருங்களத்தூரில் இருந்த வீட்டிலிருந்து தம் பழைய ஹெரால்டு காரை ஓட்டிவருவார். மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், தொடக்கப்பள்ளியின் பக்கவாட்டு வாயிலுக்கு முன், தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துவார். சுற்றிவந்து இடப்பக்கக் கதவைத் திறப்பார். பிறகு, அம்மரத்தின் உச்சியில் ஏதோ ஓர் அதிசயப் பறவை கூடு கட்டியிருப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்த நேரத்தில் தபீதாள் டீச்சர், இளம்பிள்ளை வாதம் சூம்பச் செய்த தம் வலக்காலை, அதில் பூட்டிய இரும்புப் பட்டையோடு இரு கைகளாலும் தூக்கி வெளியே வைப்பார். கைத்தடியை ஊன்றுவார். எழுவார். பிறர் கை தம்மேல் படுவதை அவர் விரும்புவதில்லை. பிறர் கண் படுவதையும் விரும்புவதில்லை. கதவு மூடும் ஓசை கேட்ட பிறகே சாலமோன் மரத்திலிருந்து பார்வையை இறக்குவார். அதன்பின் காட்டாங்குளத்தூரில் தாம் செய்முறைக்கூட உதவியாளராக இருக்கும் கல்லூரியை நோக்கிக் காரைத் திருப்புவார்.

நிழலுக்காக மட்டும் அவர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தத் தெருவின் இரு பக்கமும் திறந்த சாக்கடை ஓடியது. மரத்தடியில் மட்டும் அகலமான கருங்கல் பலகை ஒன்று சாக்கடையின் மேல் சரிவாகக் கிடந்தது. இரும்புக் காலோடு ஒருவர் படியேறாமல், தாண்டாமல், பள்ளிக்குள் போவதற்கு அந்தத் தெருவில் இருந்த ஒரே வழி அதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இந்த வழக்கம் யாருக்கும் இடையூறின்றி நடந்துகொண்டிருந்தபோது, புறநகர் மக்களுக்கு வண்டி நிறுத்தத் தெரியவில்லை என்று எங்கோ ஓர் அறையில் கண்டுபிடிக்கப்பட்டது. உடனே ‘புறநகர் வாகன நிறுத்த நெறிப்பாட்டு வாரியம்’ பிறந்தது. பிறந்த குழந்தை பாலுக்கு அழும். வாரியம் பெயின்டுக்கு அழுதது. கிடைத்ததும், பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை கண்ட தரையில் எல்லாம் கோடு போட ஆரம்பித்தது.

கோடுகளுக்கு விதிகளும் இருந்தன. வெள்ளைக் கட்டத்துக்குள் நிறுத்தலாம். முழு மஞ்சள் கோட்டில் நிறுத்தலாகாது. விட்டுவிட்டுப் போட்ட மஞ்சள் கோட்டில் நிறுத்தலாம், ஆனால் ஓட்டுநர் இறங்கலாகாது. இரட்டை மஞ்சள் கோட்டில் நிறுத்தவும் கூடாது, நிறுத்தும் எண்ணத்தோடு வேகத்தைக் குறைக்கவும் கூடாது. வளைந்து நெளிந்த கோட்டின் பொருள் மறு அறிவிப்பில் தெரிவிக்கப்படும். அதுவரை அதனருகில் வருபவர் தம் பொறுப்பில் வரவேண்டும். வீட்டு வாசலில் நெளிகோடு போடப்பட்ட சவுரிமுத்து என்னும் கூரியர்காரர், மறு அறிவிப்பு வரும் வரை தம் ஸ்கூட்டரைச் சமையலறையில் நிறுத்தினார்.

கோடை விடுமுறையில் கோடு போடும் கூட்டம் பள்ளித் தெருவுக்கு வந்தது. வாரியத்தின் ஆணை தெளிவாக இருந்தது: அளவெடுக்கும் நாளில் எது எங்கே நிற்கிறதோ அதுவே அந்த இடத்தின் பயனாளி, அதன் அளவுக்கே கட்டம் போடப்படும். பள்ளி பூட்டியிருந்ததால் சாலமோனின் கார் அங்கு இல்லை. தெருமுனையில் பால் விற்கும் கன்னியம்மாவின் எருமை இருந்தது. மரத்தடியில், கருங்கல் பலகைக்கு நேர் முன்னால், குழாயடித் தண்ணீர் தேங்கிய ஈரத்தில் அது படுத்திருந்தது.

கூலிக்காரர்கள் அதை எழுப்பிப் பார்த்தார்கள். வாலை முறுக்கினார்கள். அது ஒரு முறை காதை அசைத்தது. வாளியில் பெயின்ட் இறுகிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் ஆணையை இன்னொரு முறை படித்தார். பிறகு எருமையைச் சுற்றியே வெள்ளைக் கோடு போடப்பட்டது. பின்புறம் அகன்று, முன்னால் குறுகி, இரண்டு கொம்புகளோடு கூடிய அழகிய கட்டம் அது. மாலையில் எருமை எழுந்து போனதும், தார்ச்சாலையில் ஒரு வெள்ளை எருமை நிரந்தரமாகப் படுத்திருந்தது.

பள்ளி திறந்த அன்று சாலமோன் வழக்கம்போல் வந்தார். வழக்கம்போல் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பார்வையை இறக்கியபோது, காரின் பின்சக்கரம் சங்கிலியால் மரத்தோடு கட்டப்பட்டிருந்தது. காக்கிச் சட்டை அணிந்த ஒருவர் பூட்டின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேற்று ஊர்திக்கு ஒதுக்கிய இடத்தில் அத்துமீறி நின்ற குற்றத்துக்காக அலுவலகத்துக்கு வரும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

வாரியத்தின் அலுவலகம் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் ஒரு மாடியில் இருந்தது. அதன் வாசலில் மட்டும் கோடே இல்லை. அதிகாரிகளின் ஜீப்புகள் நடைபாதையின் மேலும், ஒன்றன் வாலில் ஒன்றாகப் பேருந்து நிறுத்தத்தின் முன்னும் நின்றன. உள்ளே, கோட்டு அலுவலர் யக்ஞநாராயணன் அமர்ந்திருந்தார். நெற்றியும் மேசையும் பளபளப்பாக வைத்திருக்கும் மனிதர். விதிகளை வகுத்தவர் அவரே. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதனாலேயே பாரபட்சமின்றி விதி வகுக்க முடிந்தது என்பது அவருடைய பெருமை.

“சார், அங்க படுத்திருந்தது எருமை மாடு” என்றார் சாலமோன்.

“அப்படி ஒரு வகையே எங்க லிஸ்ட்ல கிடையாது, மிஸ்டர் சாலமோன். கார், லாரி, ரெண்டு சக்கரம், மூணு சக்கரம், மற்றவை. அங்க இருக்கறது ‘மற்றவை.’”

“வருஷக்கணக்கா அங்க நிறுத்தறது நான்தான், சார்.”

“இருக்கலாம். சர்வே அன்னிக்கு நீங்க வரலையே. அது வந்திருந்தது.”

சாலமோன் தம் மனைவியின் காலைப் பற்றிச் சொன்னார். கருங்கல் பலகையைப் பற்றிச் சொன்னார். யக்ஞநாராயணன் கண்களை மூடிக் கேட்டார். பின்னர் கனிவோடு விளக்கினார். கோடுகள் வண்டிகளுக்காகப் போடப்படுகின்றன என்று பொதுமக்கள் எண்ணுவது பெரிய தவறு. வண்டி வரும், போகும், கோடு இருக்கும். வாரியம் வருமுன் இந்த வட்டாரத்தில் நிறுத்த விதிமீறல் என்று ஒன்றுகூடப் பதிவானதில்லை. இன்றோ நாள்தோறும் குவிகிறது. இதைவிட ஒரு துறைக்கு என்ன வளர்ச்சி வேண்டும்?

“கோட்டை அழிச்சிட்டு வேற போட முடியாதா, சார்?”

“போடறதுக்குத்தான் டெண்டர் இருக்கு. அழிக்கறதுக்கு டெண்டர் கிடையாது.” ஆயினும் அவர் இரக்கமற்றவர் அல்லர். ஒரு விதியை நினைவுகூர்ந்தார். “கட்டத்துல நிக்கறவர் தானா முன்வந்து விட்டுக்கொடுத்தா, இன்னொரு வண்டி நிக்கலாம். எங்களுக்கு ஆட்சேபணை இல்ல.”

“மாட்டுக்காரம்மா சம்மதிப்பாங்க, சார்.”

“கட்டத்துல நிக்கறது அந்த அம்மா இல்லையே.”

சங்கிலி அவிழ்வதற்கு முன்னால், குற்றம் செய்த ஓட்டுநர்கள் கோடறியும் வகுப்பில் கலந்துகொள்ள வேண்டும் என்பதும் விதி. வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மண்டபத்தைச் சுற்றி நான்கு தெருக்களிலும் முதல்நாள்தான் இரட்டை மஞ்சள் கோடு போடப்பட்டிருந்தது. ஆகவே, படிக்க வந்தவர்கள் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, எல்லோருடைய வண்டிகளும் கட்டப்பட்டிருந்தன. எல்லோரும் அடுத்த வகுப்புக்குத் தகுதி பெற்றிருந்தார்கள். காரே மரத்தில் கட்டப்பட்டிருந்ததால் பேருந்தில் வந்த சாலமோன் மட்டும் தப்பினார்.

வகுப்பின் நடுவே மின்சாரம் போயிற்று. படக்கருவி அணைந்தது. பயிற்சியாளர் தளரவில்லை. இருட்டிலேயே மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை வாயால் விளக்கினார். இறங்கக்கூடாத கோட்டில் எதற்காக நிறுத்துவது என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். நிறுத்துவது உங்கள் உரிமை, இறங்குவது சலுகை என்று பயிற்சியாளர் பதில் சொன்னார். இருட்டில் யாரோ கைதட்டினார்கள், கொசு அடித்ததாகவும் இருக்கலாம்.

சாலமோன் காரை மீட்டார். ஆனால் இடத்தை மீட்க முடியவில்லை. கன்னியம்மா நல்ல மனம் உடையவள். டீச்சரம்மாவுக்காக எருமையைத் தன் குடிசைக்குப் பின்னால் கட்டினாள். ஒரு வாரத்தில் அவளுக்கு அறிவிப்பு வந்தது: ஒதுக்கப்பட்ட இடத்தைப் பயன்படுத்தாமல் காலியாக விட்டது குற்றம். அவள் எருமையைத் தெருவில் ஓட்டிவந்து கட்டத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தினாள். காக்கிச் சட்டைக்காரர் எருமையின் பின்னங்காலைச் சங்கிலியால் மரத்தோடு கட்டினார். கட்டத்துக்கு வெளியே நின்ற குற்றம்.

“நா இன்னா செய்யட்டும் சாரு” என்றாள் கன்னியம்மா, சாலமோனைப் பார்த்து. “வூட்டாண்ட கட்னா நோட்டீசு வருது. இங்க கட்னா டீச்சரம்மா மூஞ்சிய பாக்க முடியல. இத்த வித்துட்டு ஒரு லாரி வாங்கிக்கலாம் போல கீது.”

மிருகங்கள் பேசும் கதைகளில், எருமை தன் கட்சியைத் தானே எடுத்துச் சொல்லியிருக்கும். இந்த எருமை ஒன்றும் சொல்லவில்லை. அதன் சார்பில் பேசச் சம்பளம் வாங்கும் மனிதர்கள் இருக்கும்போது அது எதற்காகப் பேச வேண்டும்? காலையில் வந்து, கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கொம்பை வைத்துப் படுத்து, மாலைவரை அசைபோட்டது.

அன்று முதல் சாலமோன் முடிச்சூர் சாலை முனையில், லாரிக்கு ஒதுக்கிய கட்டத்துக்கும் மஞ்சள் கோட்டுக்கும் இடையே விடுபட்டுப்போன ஓரடித் தரையை ஒட்டிக் காரை உருட்டிவந்து சற்று நிறுத்த, தபீதாள் டீச்சர் அங்கே இறங்கி, தெரு முழுவதையும் தண்ணீர் லாரிகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே நடந்து கருங்கல் பலகையை அடைந்தார். முதல் மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைய முடிந்தது. பள்ளி நிர்வாகத்தினர் அவருடைய உடல்நலத்தில் திடீரென்று அக்கறை கொண்டார்கள். ஓய்வு எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கலாமே என்றார்கள். தெருமுனையிலிருந்து ஆயாவை விட்டுத் தூக்கிவரச் செய்யலாம் என்றும் சொன்னார்கள்.

“என்னைத் தூக்கிட்டுப் போற அன்னிக்கு நான் பாடம் எடுக்க மாட்டேங்க” என்று தபீதாள் அன்றிரவு கணவரிடம் சொன்னார். “அரைப்பரீட்சை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இறங்க ஒரு இடம் கிடைக்கலைன்னா, எழுதிக் கொடுத்துடறேன்.”

சாலமோன் மனு கொடுத்தார். மறுமனு கொடுத்தார். மனுக்களின் மேல் நிறுத்தலாகாது என்று மட்டும்தான் யாரும் கோடு போடவில்லை. மற்றபடி அவை வைத்த இடத்திலேயே நின்றன.

அரைப்பரீட்சைக்குச் சற்று முன்னால், வாரியம் ‘கோட்டு வார விழா’ கொண்டாடியது. ஆண்டு முழுவதும் ஒரு விதியும் மீறாத நிறுத்துநருக்குப் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். பதிவேடுகளைப் புரட்டியபோது கார், லாரி, ஸ்கூட்டர் எதுவும் தேறவில்லை. வாரியத்தின் ஜீப்புகள் முதலிலேயே நீக்கப்பட்டிருந்தன. தேறியது ஒன்றுதான். இடத்தைக் காலியாக விட்ட அந்த ஒரு வாரத்தையும் சங்கிலி பூட்டிய அந்த ஒரு நாளையும் மன்னித்துவிட்டால், கன்னியம்மாவின் எருமைக்கு நிகரான குடிமகன் வட்டாரத்திலேயே இல்லை.

விழா பள்ளித் தெருவிலேயே நடந்தது. பந்தல் போட்டார்கள். வாரியத் தலைவர் வருவதால் விடியற்காலையில் எல்லாக் கோடுகளுக்கும் புதுப் பூச்சுப் பூசினார்கள். மஞ்சள் கோடு சாக்கடை ஓரமாக வந்து கருங்கல் பலகையில் அறுபடுவது கண்ணுக்கு நன்றாக இல்லை என்று ஒருவருக்குத் தோன்றியது. ஆகவே, பலகையின் குறுக்கேயும் அதைத் தொடர்ந்து இழுத்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் தெரு முழுவதும் ஜீப்புகள் நின்றன. எருமை தன் இடத்தில் இருந்தது. அதன் கழுத்தில் சாமந்தி மாலை. மாலையின் கீழ்ப்பகுதியை அது ஏற்கெனவே தின்றிருந்தது.

தலைவர் ஒலிபெருக்கியில் பேசினார். “இந்த ஜீவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நம்ம கோட்டை மதிக்குது. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க மதிக்கறதில்ல. அதனால படிப்புக்கும் ஒழுக்கத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னு நிரூபணமாயிடுச்சு. நம்ம வாரியத்துல ஆள் எடுக்கும்போதும் இதையேதான் நாங்க பின்பற்றறோம்.” முன்வரிசையில் இருந்தவர்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலின் நடுவே, ஜீப்புகளுக்கு இடையில் வழி தேடி வந்த தபீதாள் டீச்சர் கருங்கல் பலகையின் மேல் காலை வைத்தார். ஈரப் பெயின்டில் இரும்புக்கால் வழுக்கியது. கைத்தடி சாக்கடையில் விழுந்தது. அவர் சரிவில் விழ, ஊன்றிய வலக்கை உடலுக்குக் கீழே சிக்கிக்கொண்டது. வெள்ளைச் சேலையில், தோளிலிருந்து கால்வரை ஒரு மஞ்சள் பட்டை. பள்ளிக்கூட வாயிலில் பிள்ளைகள் கும்பலாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் ஓடிவந்தவர் யக்ஞநாராயணன். குனிந்து பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த முதற்சொற்கள் இவை:

“அடடா, கோட்டை மிதிச்சிட்டீங்களேம்மா.”

கன்னியம்மா அவரைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு போய் டீச்சரின் அருகில் உட்கார்ந்தாள். தொட வேண்டாம் என்று டீச்சர் கண்ணால் சொன்னதும், தொடாமலேயே எழுந்து, தன் முந்தானையை விரித்துப் பிள்ளைகளின் பார்வையை மறைத்துக்கொண்டு நின்றாள். தலைவர் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்துவது பற்றிய வாரியத்தில் அது ஒன்றுக்குத்தான் விதி இல்லை.

மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். வீட்டில் கட்டோடு இருந்தபோது, வாரியத்திலிருந்து அறிவிப்பு ஒன்று புறப்பட்டது: புதுப்பூச்சு உலர்வதற்கு முன் கோட்டைச் சிதைத்தமைக்கு விளக்கம் தேவை. முக்கியமான வழக்கு என்பதால் கோட்டு அலுவலரே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும்படி தலைவர் பணித்தார்.

யக்ஞநாராயணன் பெருங்களத்தூர் வீட்டுக்குப் போனபோது சாலமோன் கல்லூரியிலிருந்து திரும்பியிருக்கவில்லை. தபீதாள் நாற்காலியில் அமர்ந்திருந்தார். கழற்றி வைத்த இரும்புக்கால் சுவரில் சாய்ந்திருந்தது. தோல்வார்களும் கொக்கிகளும் அடிப்பாகத்தில் தேய்ந்த காலணியுமாக அது தனியே நிற்பதை யக்ஞநாராயணன் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். காலணியின் ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. வாரியத்தின் பெயின்ட், நல்ல தரமான பெயின்ட், எதனாலும் போகாது என்று அவரே சான்றளித்தது.

தபீதாள் அறிவிப்பை வாங்கி முழுவதும் படித்தார். இடக்கையால், கோணல் எழுத்தில், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டார்.

“ஒண்ணு கேக்கலாமா, சார்? காருக்கு ஒரு கட்டம் இருக்கு. லாரிக்கு இருக்கு. மாட்டுக்கும் இருக்கு. வண்டியிலேர்ந்து இறங்கி நடக்கறவங்களுக்கு உங்க விதியில என்ன கோடு?”

யக்ஞநாராயணன் வாயைத் திறந்தார். விதிகள் யாவும் அவருக்கு மனப்பாடம். முதலிலிருந்து கடைசிவரை மனத்துக்குள் ஓடிப்பார்த்தார். ஊர்தி இருந்தது, ஓட்டுநர் இருந்தார், இரட்டைக் கோடும் நெளிகோடும் இருந்தன. ஒரு வண்டிக் கதவு திறந்து ஒரு மனிதக் கால் தரையில் பட்டதாக எந்த விதியிலும் இல்லை.

“எனக்குத் தெரிஞ்சா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன்” என்றார் தபீதாள். கேலியாக அல்ல; உண்மையாகவே கேட்டார்.

யக்ஞநாராயணன் எழுந்தார். வெளியே வந்தபோது, தம்முடைய ஜீப் அடுத்த வீட்டு வாசலை முழுவதும் அடைத்துக்கொண்டு நிற்பதையும், அந்த வீட்டுக்காரர் ஒரு சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைய முயல்வதையும் கண்டார். ஓட்டுநரிடம் ஜீப்பை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, ரயில் நிலையம்வரை நடந்தார்.

கட்டுப் பிரித்ததும் தபீதாள் ராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பையில் வைத்துக்கொண்டார். நேரில் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னார். சாலமோன் காரை எடுத்தார். முடிச்சூர் சாலை முனையில் வேகத்தைக் குறைத்தபோது, கன்னியம்மா பால்கேனும் கையுமாக ஓடிவந்து காரை மறித்தாள்.

“இங்க நிறுத்தாத சாரு. நேரா உள்ள போ. மாட்ட வூட்டாண்டையே கட்டிட்டேன். நோட்டீசெல்லாம் வராது, அந்த ஆபீசரே சொல்லிட்டாரு.” சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “போய்ப் பாரேன், யாரு நின்னுகினு கீறாருன்னு.”

சாலமோன் தெருவுக்குள் காரைச் செலுத்தினார். தூங்குமூஞ்சி மரத்தடியில், வெள்ளை எருமையின் வயிற்றுப்பகுதிக்குள் இரு கால்களையும் ஒழுங்காக வைத்து, கோட்டைத் தொடாமல், யக்ஞநாராயணன் நின்றுகொண்டிருந்தார். முழங்கால்வரை சுருட்டிய பேன்ட்டில் அழுக்கு. அருகில் மண்ணெண்ணெய் டப்பாவும் தேய்ந்த கம்பித் தூரிகையும் கிடந்தன. கருங்கல் பலகையில் மஞ்சள் இல்லை. சுரண்டிய கல் புதிதாக வெளுத்திருந்தது. பள்ளிக்கு வந்த பிள்ளைகள் அவரைச் சுற்றிப் போனார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவன் எருமைபோலக் கத்தியும் காட்டினான். அவர் நகரவில்லை.

கார் நின்றதும் அவர் சாலமோனைப் பார்த்து, அலுவலகத்தில் பேசும் அதே குரலில் சொன்னார்:

“இந்தக் கட்டத்தை அழிக்க ஆணை வரல. நான் எழுதியிருக்கேன், எப்ப வரும்னு தெரியாது. ஆனா கட்டத்துல நிக்கறவர் விட்டுக்கொடுக்கலாம்னு விதி இருக்கு. இன்னிக்கு இதுல நிக்கறது நான். ஆணை வர்ற வரைக்கும் தினமும் நான்தான் நிப்பேன். விட்டுக்கொடுக்கறேன். நிறுத்துங்க.”

சொல்லிவிட்டுக் கொம்புகளின் வழியாக வெளியே நடந்தார்.

சாலமோன் காரை அந்த இடத்தில் நிறுத்தினார். சுற்றிவந்து கதவைத் திறந்தார். தபீதாள் கடிதம் இருந்த பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அதைப் பின்னிருக்கையில் வைத்துவிட்டு, வலக்காலை இரு கைகளாலும் தூக்கினார்.

சாலமோன் மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற யக்ஞநாராயணனும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, அண்ணாந்து பார்த்தார். கைத்தடி கல்லில் தட்டும் ஓசை பள்ளிக்குள் போய்த் தேயும்வரை இருவரும் பார்வையை இறக்கவில்லை.